கனமில்லாத லேப்டாப்

திரையைத் தூக்கியதும் இடதுபக்கக் கீலில் படக்கென்று ஒரு சத்தம்.

அவள் கையை எடுக்கவில்லை. எடுத்தால் திரை பின்னால் சாய்ந்துவிடும் என்று தெரிந்தது.

கணவரைக் கூப்பிட்டாள். தரணிதரன் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். இருவருமாகத் தாங்கிப் பிடித்து லேப்டாப்பை மூடினார்கள். மூடியும் மூடவில்லை. ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்றும் சொல்லாமலிருப்பது அவருக்குப் பழகிவிட்டிருந்தது.

பழுது பார்க்க எடுத்துக்கொண்டு போன கடை காந்திபுரத்தில், ஒரு வளாகத்தின் முதல் மாடியில். முன்னால் விற்பனை. பின்னால் பழுது பார்க்கும் மேசை. இதை வாங்கியதும் அங்கேதான்.

அப்போது அவளுக்குச் சிகிச்சை முடிந்திருந்த சமயம். இடது மார்பை எடுத்திருந்தார்கள். அக்குளிலும் கத்தி வைத்திருந்தார்கள். அந்தக் கையில் இனிக் கனம் தூக்கக் கூடாது, தூக்கினால் கை வீங்கிக்கொள்ளும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

கட்டட வேலை நடக்கும் இடங்களுக்கு வரைபடங்களோடு போய்வருகிற பொறியாளர் அவள். வலது கை ஏணியைப் பிடிக்க வேண்டும்.

அதனால் மெல்லிசாக ஒன்றைக் கேட்டாள்.

தரணிதரனுக்கு அதில் உடன்பாடில்லை. "இதெல்லாம் தாங்காது. கொஞ்சம் தடியா இருக்கறத வாங்கிக்க. பத்து வருசம் உழைக்கும்" என்றார்.

"எனக்கு எதுக்குங்க பத்து வருசம்?" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. வேறு நிறத்தில் இருக்கிறதா என்று கேட்பதுபோலத்தான் சொன்னாள்.

அதன்பிறகு அவர் மறுத்துப் பேசவில்லை. அந்தக் கடையில் மட்டுமல்ல.

மகள் எந்தக் கல்லூரியில் சேர்வது, தீபாவளிக்கு யார் வீட்டுக்குப் போவது, கூடத்துக்கு என்ன நிறம் அடிப்பது. எல்லாவற்றுக்கும் "உன் இஷ்டம்" என்றார். குழம்பில் உப்பு கூடிப்போன நாளிலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். முன்பெல்லாம் ஒரு பிளக் பாயிண்டை எந்தச் சுவரில் வைப்பது என்று நாள் முழுக்க மல்லுக்கு நின்றவர்.

முதலில் அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

போகப்போக, சீக்கிரமே ஊருக்குக் கிளம்பப்போகிற விருந்தாளியை நடத்துவதுபோல இருந்தது.

இப்போது பழுது பார்க்கும் இம்தியாஸ் அந்த லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினான். உள்ளே பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"பேட்டரி உப்பிருச்சுங்க மேடம். கீலப் புடிச்சிருந்த திருகெல்லாம் பேத்துக்கிட்டு வந்துருச்சு."

"மாத்த முடியாதுங்களா?"

"மேல்மூடியோட சேத்துத்தான் மாத்தணும். இந்த மாடலே நின்னுபோச்சுங்க. மெல்லிசாப் பண்றதுக்காக எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிர்றாங்க. ஒண்ணு போனா கூடவே மத்ததும் போகுது." திருகுகளை ஒரு மூடியில் போட்டுக்கொண்டே சொன்னான். "வேற ஸ்கிரீன்ல மாட்டி உங்க ஃபைலெல்லாம் எடுத்துக் குடுத்தர்றேன். ஆறு வருசம் வந்திருக்கே. இவ்ளோ மெல்லிசு மெஷினுக்கு அது பெருசுங்க."

தரணிதரன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. தனக்குப் பிறகு இது மகளுக்கு ஆகும் என்று நினைத்து வாங்கியது. மகளுக்கு நினைவிருக்கட்டும் என்றுதான் கடவுச்சொல்லைக்கூட வைத்திருந்தாள்.

அது முந்திக்கொண்டுவிட்டது.

"சரிங்க, வேற பாக்கலாம்" என்று எழுந்தாள்.

முன்பக்கம் வரிசையாகத் திறந்து வைத்திருந்தார்கள். ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். இடது கைக்கு மாற்றினாள். கைக்குத் தெரியவே இல்லை. போனதைவிட மெல்லிசு.

"இதையே எடுத்துக்கலாங்க."

தரணிதரன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். மூலையை அழுத்தினார். திரையை ஒரு விரலால் அசைத்தார். ஆடியது.

"வேண்டாம்" என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

"ஒத்தக் கையில மூலையப் புடிச்சுத் தூக்கித் தூக்கியே கீல ஒடச்ச. சிமெண்டு மூட்டை மேல வெச்சுத் தட்டற. சொன்னாக் கேக்கறதில்ல. இது நாலு வருசங்கூட வராது."

"எங்கீங்க சொன்னீங்க? நீங்கதான் வாயே தொறக்கறதில்லையே."

"இப்பச் சொல்றேன்."

"நாலு வருசம் வந்தாப் போதாதுங்களா?"

"போதாது."

குரல் உயர்ந்துவிட்டது. விற்பனைப் பெண் ஒருமுறை பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தரணிதரனின் காது மடல் சிவந்திருந்தது. லேப்டாப்பை இருந்த இடத்தில் வைத்தார். கொஞ்சம் பலமாகவே வைத்தார்.

"அப்ப நீங்க தூக்கிட்டு வாங்க சைட்டுக்கு" என்றாள். அவளும் குரலைத் தணிக்கவில்லை. "நான் ஏணியில நிக்கறேன். நீங்க கீழ நிழல்ல உக்காந்து போன் பாத்துட்டிருங்க."

"உக்காந்துக்கறேன். என்ன இப்போ?"

"சித்தாளுங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

எதையும் வாங்காமல் வெளியே வந்தார்கள். அவர் முன்னால் இறங்கினார். பாதிப் படியில் நின்று, திரும்பி, தடி லேப்டாப்புக்கு முதுகுப்பை போதும், இரண்டு தோளிலும் மாட்டினால் கனமே தெரியாது என்றார். அதெல்லாம் மாட்டியவர்களுக்குத்தான் தெரியும் என்றாள் அவள்.

வலது கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

சண்டையை அதற்குள் முடித்துவிட அவளுக்கு மனமில்லை.