தெரிந்தவர்

வேலைக்குப் போனால் நாய் பக்கோடா தனியாகக் கிடந்து ஊளையிடுகிறது என்றுதான் ஜெசிந்தா அந்த வீடியோ கேமை வாங்கினாள். சுவர்த் திரையில் அவள் உருவமே நின்று, அவள் குரலிலேயே கூப்பிட்டு, பக்கோடாவோடு நாளெல்லாம் பந்து விளையாடும். வாசனைக்காக, உடுத்திக் கழற்றிய நைட்டியைத் திரையடியில் விரித்துவிட்டுப் போவது விடுதியில் படிக்கும் மகள் ஆன்சி சொன்ன யோசனை.

இறால் கம்பெனியில் லீவில்லாத இரட்டை ஷிப்டு. நாய் தூங்கிய பிறகு வந்து, எழுமுன் போய், ஏழு மாதம் ஓடிவிட்டது. இன்று மெஷின் பழுதென்று மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். ஜெசிந்தா ஆசை ஆசையாகக் கதவைத் திறந்தாள்.

பக்கோடா பல்லைக் காட்டி உறுமியது. நைட்டியின்மேல் கால்களை ஊன்றி, திரையை மறைத்து நின்று குரைத்தது.

"ஏலே, நான்தாம்ல! அம்மா வந்திருக்கேன்!"

கிட்டே போகப் போகக் குரைப்பு கூடியது. நீட்டிய கையைக் கவ்வப் பாய்ந்தது.

திரையிலிருந்த ஜெசிந்தா பந்தைக் கீழே வைத்துவிட்டு, இறால் வாடையடிக்கும் கம்பெனிச் சட்டையோடு நின்றவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சும்மா கெடல, பக்கோடா. தெரிஞ்சவங்கதான்."

நாய் உடனே அடங்கிப் படுத்தது.