தட்டுறதுக்கு முன்னாடியே டிங்

ஒரு பழைய காருக்கு அடியில, எல்லாத்தையும் சுமக்குற இரும்புச் சட்டம் ஒண்ணு இருந்துச்சு. மறுநாள் ஒரு குடும்பத்தையே ஏத்திக்கிட்டு மலை ஏறணும். அதனால சோதிச்சுப் பாக்க சுத்தியல் வந்துச்சு. நல்ல இரும்பத் தட்டினா "டிங்ங்"னு பாடும். விரிசல் விட்டது "டொக்"னு இருமும்.

டிங்ங். டிங்ங். சுத்தியல் தட்டிக்கிட்டே போயி, ஸ்பிரிங் மாட்டுற மூலைகிட்ட தலையத் தூக்குச்சு.

"டிங்ங்!"

"அக்கா, நான் இன்னும் தட்டவே இல்லையே!"

சட்டம் மெதுவா, "விரிசல் இருக்குன்னு தெரிஞ்சா என்னை எடைக்குப் போட்டுருவாங்கடா"ன்னுச்சு.

"நாளைக்குக் குழந்தைங்க உக்காருற வண்டி இது, அக்கா."

சுத்தியல் அந்த மூலையில மண்ணெண்ணெயத் தடவித் துடைச்சு, சாக்பீஸ் தூளத் தூவுச்சு. விரிசலுக்குள்ள போயிருந்த மண்ணெண்ணெய், வெள்ளையில மயிரிழை மாதிரி ஈரக்கோடா கசிஞ்சுச்சு.

"எந்தப் பள்ளத்துல விழுந்த?"

"எதுலயும் விழல. தினமும் கொஞ்சம் கொஞ்சமா குலுங்கினதுதான்."

"இதுக்கா பயந்த? கோட்டோட நுனியில வட்டமா துளை போட்டா, விரிசல் அதுக்கு மேல போக வழி தெரியாம நின்னுரும். மேல இரும்புப் பட்டை வச்சு இறுக்கிட்டா நீ கல்லு மாதிரிதான்."

துளை போட்டாச்சு. பட்டை வச்சு ரிவிட் ஆணி அடிக்கிறப்ப, சுத்தியல் "ஸ்ஸ்"னுச்சு.

"என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா. என் கைப்பிடியிலயும் லேசா விரிசல் விட்டிருக்கு."

"ரொம்ப வலிக்குதா?"

"சேச்சே. அடிக்கிறப்ப மட்டும்தான்."

சட்டம் சிரிக்கல. "வாடா, என் மேல சாஞ்சுக்கோ"ன்னுச்சு.