முகம் தெரியாதவருக்கு நன்றி

"எந்த ரூம்னு சொன்ன?"

துணை டீன் பென்ஹம்லா கண்ணாடியக் கழட்டினாரு. அங்கதான் எல்லாம் கெட்டுப் போச்சு.

அன்னிக்கு என் எம்.ஏ. ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு. அல்ஜீரியாவுல, அதுவும் எங்க ஊர்ல, இதுக்குச் சொந்தபந்தமே திரண்டு வரும். அம்மா மூணு தட்டு மக்ரூத் பலகாரம் செஞ்சு தேன்ல முக்கி எடுத்துட்டு வந்து, குலவை போடறதுக்காகவே அத்தைங்களோட பின் வரிசையில காத்துக்கிட்டு இருந்தாங்க.

நான் நன்றியுரை படிச்சுட்டிருந்தேன். அல்லாஹ்வுக்குச் சொல்லியாச்சு, அப்பா அம்மாவுக்குச் சொல்லியாச்சு. கடைசி வரிதான் பாக்கி.

"நம்ம துறையோட கீழ் அறைல பூட்டிக் கிடக்கற பழைய ஆவணப் பெட்டிகளப் படம் எடுத்து, இணையத்துல இலவசமாப் போடற முகம் தெரியாத நண்பருக்கு நன்றி. நாப்பத்தேழாவது பெட்டி வேணும்னு எழுதினேன். நாலே நாள்ல போட்டாரு."

வேற என்ன பண்றது? நூறு வருஷத்துக்கு முந்தி வந்த வெட்டுக்கிளிப் பஞ்சம் பத்தி என் ஆய்வு. கீழ் அறைக்கு அனுமதி கேட்டு ஒன்றரை வருஷம் ஆச்சு, பதிலே இல்ல. வெளிநாட்டு இதழ்ல ஒரு கட்டுரைக்கு நாப்பது யூரோ கேக்கறான், நம்ம ஊர் கார்டு அங்க செல்லாது. சும்மா கிடைக்கறதுல பாதி, ஒருத்தனப் பாத்து இன்னொருத்தன் எழுதினது. அந்த நண்பரோட தளத்துல மட்டும்தான் பெட்டி நம்பர், தாள் நம்பர், எந்தத் தாள் கிழிஞ்சிருக்கு, எல்லாம் இருக்கும்.

"எந்த மாசம் அது?" துணை டீன் பேனாவ எடுத்தாரு.

"மார்ச்சுல..."

"பொய்."

சொன்னது தேர்வாளர் ஸெருக்கி. எனக்கு மூணு வருஷம் பாடம் எடுத்தவரு.

"உஸ்தாத்?"

"அந்தத் தளத்த நான் பாத்திருக்கேன். குப்பை. அது நம்ம பெட்டியே இல்ல. எவனோ வேலையத்தவன் வீட்ல உக்காந்து தயார் பண்ண தாளு. இந்தப் பொண்ணு பெருமைக்கு அடிச்சு விடுது."

"இல்ல உஸ்தாத், முத்திரை கூட..."

"முத்திரையா? என் பேரன் உருளைக்கிழங்க வெட்டிக் குத்துவாம்மா அந்த மாதிரி முத்திரை."

பின்னாடி சிரிச்சாங்க. அம்மா சிரிக்கல.

"அந்த வரிய எடு. அந்தத் தளத்தோட பேரு எங்கயும் வரக் கூடாது. ஆறு மாசம் கழிச்சு வா"ன்னாரு ஸெருக்கி.

விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பிக்க அடுத்த வாரம் கடைசி நாள், பட்டம் கையில இருக்கணும். அது அவருக்குத் தெரியும். சிபாரிசுக் கடிதம் குடுத்ததே அவருதான்.

மூணு தட்டையும் அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போனோம். "இத்தனை தேனும் வீணு"ன்னாங்க அத்தை. அம்மா, "அந்தாளு வீட்ல அடுப்பு எரியாமப் போகட்டும்"னு சபிச்சாங்க. நான் ஆமீன் சொன்னேன்.

ஒரு மாசத்துல அந்த வேலைக்கு வேற ஆள் வந்தாச்சு. ஆத்திரத்துல தளத்தத் திறந்தேன். வெறும் வெள்ளைப் பக்கம்.

துறைக்கு ஓடினேன். கீழ் அறைச் சாவி வச்சிருக்கற லக்தர் மாமா படிக்கட்டுல உக்காந்திருந்தாரு.

"தளம் போயிடுச்சு மாமா."

"தளம் மட்டுமா? துணை டீன் சாவிப் பதிவேட்ட வாங்கிப் பாத்தாரு. மார்ச் மாசம் பூரா ஒரே ஒரு கையெழுத்து."

"யாரோடது?"

"ஸெருக்கியோடது. அவருக்கு உள்ள போய்ப் படிக்கத்தான் அனுமதி, படம் எடுக்க இல்ல. முந்தாநாள் வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. அடுத்து போலீஸாம்."



"அப்ப என்னைய ஏன் பொய்க்காரின்னு..."

"வேற எப்படிம்மா அந்தப் பேச்ச நிறுத்துவாரு? நீ பொய்னு ஆனா பெட்டியும் பொய், அதோட போச்சுன்னு நெனச்சாரு. அதுக்குள்ள நீ மாசத்தச் சொல்லிட்ட." மாமா எழுந்து சட்டையத் தட்டிக்கிட்டாரு. "போகும்போது கூட, அடுத்த பெட்டி பாதிதான் முடிஞ்சுதுன்னு வருத்தப்பட்டுட்டுப் போனாரு."

அவரு வீட்டு வாசல் வரைக்கும் ரெண்டு தடவ போய்ட்டேன். கதவத் தட்டல. தட்டி என்ன சொல்றது, மறுபடியும் நன்றின்னா?

நன்றி சொல்லியே ஒருத்தர மாட்டி விட்டிருக்கீங்களா நீங்க? இல்ல, நான் மட்டும்தானா?