கே. பூங்கோதை, எஸ். பூங்கோதை

ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் இருந்த பழைய கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கும் நாள் வந்துவிட்டது.

"உங்ககிட்ட இருந்ததெல்லாம் வாங்கிட்டேன் அண்ணே, நீங்க கிளம்பலாம்" என்றது பக்கத்து மேஜையில் இருந்த புதுசு.

"பேரும் வயசும்தான் வாங்கினே. மிச்சத்தைக் குப்பைன்னு தள்ளிட்டே. இன்னைக்கு யாரு வந்திருக்கா?"

"எஸ். பூங்கோதை. இங்கே வர்றது இதுதான் முதல் தடவை."

"பிறந்த தேதி சொல்லு."

புதுசு சொன்னது. பழசுக்குச் சுருக்கென்றது.

"கல்யாணத்துக்கு முன்னாடி வந்திருக்கா, கே. பூங்கோதையா. அப்போ அப்பா இனிஷியல், இப்போ புருஷன் இனிஷியல். அன்னைக்குப் பென்சிலின் ஊசி போட்டதும் மூச்சே நின்னுபோச்சு. இப்போ என்ன ஊசி எழுதியிருக்கு?"

புதுசின் திரையில் பென்சிலின் என்றுதான் இருந்தது.

பிளக்கைப் பிடுங்க ஆள் உள்ளே வந்தான். பழசு பிரிண்டரை உசுப்பி, பூங்கோதையின் பழைய பக்கத்தை அவன் முன்னால் தள்ளியது. படித்தவன் அதை எடுத்துக்கொண்டு வார்டுக்கு ஓடினான்.

"ஐயோ, பிளக்கைப் பிடுங்க அவர் திரும்பி வருவாரே அண்ணே" என்றது புதுசு.

"வரட்டும். இன்னும் பதினோராயிரம் பேர் என்கிட்ட இருக்காங்க. ஒருத்தர் விடாம நீ முழுசா வாங்கிக்கோ, அப்புறம் அவர் பிளக்கில் கை வைக்கட்டும்."