சாமைக்கு வந்த சோதனை

விடிந்தும் விடியாததுமாக மொட்டை மாடியில் நின்று லஞ்சம் கொடுத்துக்கொண்டிருந்தார் அப்பாதுரை. வாங்கிக்கொண்டவர்கள் மொத்தம் பதினோரு பேர். எல்லோரும் நல்ல கறுப்பு.

"வயிறு ரொம்ப சாப்பிடுங்க. மத்தியானம் எங்க மாடிப் பக்கம் ஒருத்தரும் தலைகாட்டக் கூடாது, இன்னா?" என்று கடையில் வாங்கி வந்த மெதுவடையைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தார். காக்காய்கள் மறுபேச்சு பேசாமல் விழுங்கின.

விஷயம் இதுதான். பேகோபுரத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அப்பாதுரைக்குச் சர்க்கரை முந்நூறைத் தொட்டுவிட்டது. அவருடைய அப்பாவைக் கொண்டுபோனதும் அதே சர்க்கரைதான். மூன்று மாதத்தில் குறையாவிட்டால் தினமும் ஊசி என்று டாக்டர் சொன்னபோது மனைவி அன்புச்செல்வி நடுங்கிப் போனாள். அவரோ வரும் வழியில் ஒரு ஜாங்கிரி சாப்பிட்டார்.

"ஒரேயடியா மாத்தாதீங்கம்மா. சோத்துல மொதல்ல ஒரு சிட்டிகை சாமை கலந்துடுங்க. அடுத்த வாரம் ஒரு ஸ்பூன். நாக்குக்கே தெரியக் கூடாது" என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அப்பாதுரையின் நாக்குக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. அந்த ஒரு சிட்டிகையையும் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்கித் தட்டோரம் வைத்தார். "குருவிக்குப் போடறத எனக்குப் போடறியா?" என்று ஒரு சத்தம் வேறு.

அதோடு அன்புச்செல்வி வாயை மூடிக்கொண்டாள். தினமும் காக்காய்க்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் சோறு எடுத்துப்போய் மாடியில் வைப்பாள். பிறகு கீழே வந்து அவருக்கு வெள்ளைச் சோறு பரிமாறுவாள். பொண்டாட்டி திருந்திவிட்டாள் என்று அப்பாதுரைக்கு ஏக சந்தோஷம்.

போன வாரம்தான் அவள் மறுபடி பேச்சை எடுத்தாள். "அமாவாசைக்கு எங்க நைனா சொல்லட்டும்" என்றார் அப்பாதுரை.

அந்த வீட்டு வழக்கம் அப்படி. எந்த வழக்கு வந்தாலும் தீர்ப்பு அமாவாசைக் காக்காயிடம்தான். ஃபிரிட்ஜ் வாங்கியதும் மகள் மணிமொழி பி.காம். சேர்ந்ததும், காக்காய் படையல் சோற்றைத் தொட்ட பிறகுதான். மற்றவர்களுக்குத்தான் அது காக்காய், அப்பாதுரைக்கு அது செத்துப்போன அப்பா.

"இலையில முழுசா சாமைச் சோறே வை. நைனா தொட்டாருன்னா நானும் ஆயுசுக்கும் சாமைதான் சாப்பிடுவேன், அண்ணாமலையார் மேல சத்தியம். தொடலன்னா இந்த வீட்ல சாமைன்ற பேச்சே வரக் கூடாது."

"சரிங்க" என்றாள் அன்புச்செல்வி.

அமாவாசையும் வந்தது. நண்பகல் பன்னிரண்டுக்குத் தெருவில் எல்லா மாடியிலும் இலை. பக்கத்து மாடியில் வடை, எதிர் மாடியில் நெய் மிதக்கும் பாயசம். அப்பாதுரை வீட்டு இலையில் மட்டும் பழுப்பாகச் சாமைச் சோறு, மேலே கொஞ்சம் பருப்பு.

"கா... கா..." என்று கூப்பிட்டாள் அன்புச்செல்வி. ஐந்து நிமிடம் ஆகியும் வானத்தில் ஒரு புள்ளி இல்லை.

"அக்கா, எங்க இலைக்கு ஒண்ணுகூட வரலியே! உங்க பக்கம் வந்துச்சா?" என்று எதிர் மாடியிலிருந்து தனம் கத்தினாள்.

"எப்படி வரும்? எல்லாம் துன்னுட்டுத் தூங்குது" என்று முணுமுணுத்தார் அப்பாதுரை.

"இன்னாப்பா சொன்ன?" என்றாள் மணிமொழி.

"ஒண்ணுமில்ல. பத்து எண்ணுவேன். வரலன்னா நைனாவுக்கு இஷ்டமில்லனு அர்த்தம். ஒண்ணு... ரெண்டு..."

ஏழு எண்ணும்போது கோபுரத்துப் பக்கமிருந்து ஒரு காக்காய் வந்தது. பக்கத்து மாடி வடையைத் தாண்டியது. எதிர் மாடிப் பாயசத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வந்து சாமைச் சோற்றில் வாயை வைத்தது.

ஒரு வாய் தின்றுவிட்டுத் தலையைத் தூக்கிக் கூட்டத்தைக் கூப்பிட்டது. அவ்வளவுதான், காலையில் லஞ்சம் வாங்கிய பதினோரு பேரும் ஆஜர். இரண்டே நிமிடத்தில் இலை துடைத்த மாதிரி ஆனது.

அப்பாதுரை காலி இலையையே பார்த்தார். வடை தின்ற வயிற்றோடு, பாயசத்தையும் விட்டுவிட்டு ஒரு காக்காய் சாமையைத் தேடி வருமா? பெற்ற அப்பாவைத் தவிர வேறு யாருக்கு இந்த அக்கறை வரும்?

"நைனா, நான் தப்புப் பண்ணிட்டேன். இனிமே நீ சொன்னதுதான்" என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டார். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

கீழே இறங்கி வந்து, போட்ட சாமைச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். "ராத்திரிக்கும் இதுவே வெச்சிடு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அன்புச்செல்விக்கு நாற்பது நாள் பாரம் நெஞ்சை விட்டு இறங்கியது.

மணிமொழிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுப்படிக்குள் வந்து அம்மாவின் காதருகில் கிசுகிசுத்தாள்.

"நிஜமாவே தாத்தாதாம்மா வந்தாரு, இல்ல?"

குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டு அன்புச்செல்வி மெதுவாகச் சொன்னாள்.

"உங்கப்பாவ யாருடி மாத்துறது? நாப்பது நாளா காக்காவத்தான் கொஞ்சங் கொஞ்சமா மாத்துனேன்!"