நட்சத்திரம் இறங்கிய மத்தியானம்

எலக்ட்ரீஷியன் நாற்காலி மேல் ஏறினார். மனைவி அதை ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் தொங்கிய காகித நட்சத்திரத்தை இறக்க வேண்டும். கிறிஸ்துமஸ் முடிந்து ஏழு மாதம் ஆகிறது. வெயில் பட்டு வெளுத்து, சிவப்பா ரோஸா என்று யாரும் சத்தியம் செய்து சொல்ல முடியாத நிறத்துக்கு வந்திருந்தது.

ஊரார் வீட்டு வயரிங் வேலையை ஒரே நாளில் முடிக்கிற மனுஷன், சொந்த வீட்டு அலங்காரத்தைக் கழற்ற வருஷா வருஷம் இரண்டு மாதம் எடுத்துக்கொள்வார். ஜனவரியில் கப்பல் வேலைக்குக் கிளம்பும்போது மகன் அதைச் சொல்லித்தான் கிண்டல் செய்தான்.

"இந்த நட்சத்திரத்தை நீங்க கழட்டறதுக்குள்ள நான் திரும்பி வந்துடுவேன்ப்பா."

விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் மரம், குடில், ஜிகினா எல்லாம் பெட்டிக்குள் போன பிறகும் நட்சத்திரத்தை மட்டும் இருவரும் தொடவில்லை. உங்கள் வீட்டில் இன்னும் கிறிஸ்துமஸா என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்தார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், இருட்டத் தொடங்கியதும் தினமும் ஸ்விட்சைப் போட்டாள்.

இன்று காலை வேலைக்குப் போன இடத்தில் அவருக்கு போன் வந்தது. கப்பல் கம்பெனியிலிருந்து. மகன் கடலில் விழுந்துவிட்டானாம். பத்து நாளாகத் தேடினார்களாம். இனித் தேடப் போவதில்லையாம்.

எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது.

அவளிடம் சொல்ல வாயெடுத்தார். வந்தது வேறு பேச்சு. மழை வரும்போல இருக்கிறது, நட்சத்திரத்தை இறக்கிவிடுகிறேன் என்றார். வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

இறக்கினால் அவளே புரிந்துகொள்வாள், தன் வாயால் சொல்ல வேண்டியிருக்காது என்று ஒரு நினைப்பு. கோழைத்தனம்தான். பெற்ற வயிற்றிடம் வேறு எப்படிச் சொல்வது?

அவள் ஏன் என்று கேட்கவில்லை. உள்ளே போய் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

நட்சத்திரம் இறங்கும்போதே மடிப்பில் கிழிந்தது. அவர் கீழே இறங்கி, உள்ளேயிருந்த பல்பைக் கழற்றினார்.

அது போய்ப் பத்து நாள் இருக்கும். அவள்தான் சொன்னாள், பல்பு போய்விட்டது என்று. மறுநாளே புதிதாக ஒன்று வாங்கிவந்தார். பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று அவள் அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டாள்.

எதையும் சோதித்துப் பார்க்காமல் பெட்டிக்குள் வைக்கிற வழக்கம் அவருக்கில்லை. முப்பது வருஷத் தொழில். போன பல்பு என்று தெரிந்தும், கை தன்பாட்டுக்கு அதைக் கதவோரத்து ஹோல்டரில் மாட்டி ஸ்விட்சைத் தட்டியது.

பல்பு எரிந்தது.

முதலில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான், அதே கப்பலில் வேலை பார்க்கும் மகனின் சிநேகிதன் எப்போதும் அவள் நம்பருக்குத்தான் பேசுவான் என்பது நினைவுக்கு வந்தது.

இந்தப் பத்து நாளும் அவள் நேரத்துக்குச் சோறு போட்டாள். அவருடைய பிரஷர் மாத்திரையை மறக்காமல் எடுத்துக் கொடுத்தாள். பிள்ளை போன் பண்ணினானா என்று மட்டும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தார். ஆள் இல்லாத நாற்காலியை அவள் இன்னும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அணைச்சிடுங்க" என்றாள்.