இலவசப் பூசணி

முதல் மழைக்கே பூரணியின் புதுக் கூரை ஷீட் விரிசல் விட்டு அடுப்படியெல்லாம் ஒழுகியது. பார்க்க வந்த கம்பெனிக்காரர் விரிசல் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. வாசலில் தொங்கிய திருஷ்டிப் பூசணியைத்தான் அண்ணாந்து பார்த்தார்.

“கொக்கி மாட்ட ஷீட்ல ஓட்டை போட்டிருக்கீங்கம்மா. இனி வாரண்டி கிடையாது.”

“ஒழுகுறது அடுப்படியில சார். ஓட்டை வாசல்லதான இருக்கு?”

“எங்க போட்டாலும் ஓட்டை ஓட்டைதான்.”

பூரணிக்குப் பொறி தட்டியது. ஷீட் பொருத்த வந்த ஆள்தான், “புதுக் கூரை, கண்ணு பட்டுடும்க்கா” என்று தானே பூசணி வாங்கிவந்து மாட்டிவிட்டுப் போனான்.

“மாட்டினதே உங்க ஆளுதான் சார்!”

“அவன் எதுக்கும்மா மாட்டப்போறான்?”

அவள் தெருவில் இறங்கி நின்று பார்த்தாள். அந்தக் கம்பெனியின் பச்சை ஷீட் போட்ட ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பூசணி ஆடிக்கொண்டிருந்தது.